ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டி சேதத்தோடு திரும்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரில் நிற்பவன் நான். கண்ணாடி, பம்பர், கேஸ்கட் என்று கேட்டு வருகிறவர்களில் பலர் கூடவே ஒரு மனக்குறையையும் கொண்டு வருவார்கள். சர்வீஸுக்கு விட்ட வண்டியில் புதுக் கீறல், ஜாக்கியில் இருந்து சரிந்த கார், நன்றாக ஓடிய இன்ஜின் திடீரென்று நின்றது. காளவாசலோ பழங்காநத்தமோ திருமங்கலமோ, எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: "இப்ப நான் யாரைக் கேக்குறது?" அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் வக்கீலிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இதில் ஒர்க்‌ஷாப் என்று வருவது கம்பெனி சர்வீஸ் சென்டர், டிங்கரிங் பட்டறை, ரோட்டோர மெக்கானிக் ஷெட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நான் பார்த்தவரை பெரும்பாலான மெக்கானிக்குகள் நேர்மையானவர்கள். விட்டபோதும் எடுத்தபோதும் வண்டி எப்படி இருந்தது என்று எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் சின்ன விஷயம்கூடப் பெரிய தகராறாகிறது.

வண்டி அவங்க கையில இருக்கும்போது அடிபட்டுச்சு. சட்டப்படி அவங்கதான் பொறுப்பா?

பெரும்பாலும் ஆமாம். ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவரிடம் விட்டுத் திரும்ப வாங்குவதை 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒப்படைப்பு என்கிறது. பொறுப்புள்ள ஓர் ஆள் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ, அவ்வளவு கவனத்தோடு அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. அந்தக் கவனம் எடுத்தும் சேதமானால் பொறுப்பு இல்லை என்கிறது அடுத்த பிரிவு.

நல்ல நிலையில் விட்ட வண்டி சேதத்தோடு வந்தது என்பதை நீங்கள் காட்டிவிட்டால் போதும். உள்ளே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தாங்கள் கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்டும் பொறுப்பு அவர்கள் பக்கம் போய்விடும். அதனால் "எப்படி ஆச்சுன்னு நீங்களே நிரூபிங்க" என்று யாராவது சொன்னால் பயந்து திரும்பிவிடாதீர்கள்.

விடும்போது என்னென்ன பாக்கணும்ணே?

போனில் வீடியோவை ஆன் செய்து வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான்கு பக்கம், மேற்கூரை, சக்கரங்கள், கண்ணாடிகள். அப்புறம் டேஷ்போர்டு: கிலோமீட்டர் எவ்வளவு, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது, எந்த எச்சரிக்கை விளக்காவது எரிகிறதா. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் செட். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை.

ஜாப் கார்டில் (அவர்கள் எழுதும் வேலைச் சீட்டு) ஏற்கெனவே இருக்கும் கீறலை நீங்களே சொல்லிக் குறிக்க வையுங்கள். பழைய கீறலை மறைக்காமல் சொல்கிறவர் புதுக் கீறலைக் காட்டும்போது அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். மாற்றும் பாகங்களைத் திரும்பத் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்ஜின் பிரச்சினை பற்றிய கேள்வியில் இது ஏன் என்று புரியும்.

சின்ன ஷெட்டில் ஜாப் கார்டு இருக்காது. மெக்கானிக்கின் வாட்ஸப்புக்கு, "அண்ணே, வண்டியை இன்னைக்குக் காலையில விட்டிருக்கேன். பிரேக் ஷூ மாத்தணும், ஆயில் மாத்தணும். இவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு" என்று எழுதி அந்த வீடியோவையும் அனுப்பிவிடுங்கள். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் அதுதான் உங்கள் ஜாப் கார்டு.

எடுக்கப் போன இடத்துலயே சேதம் தெரியுது. உடனே என்ன செய்யணும்?

வண்டியை வாசலுக்கு வெளியே எடுக்காதீர்கள். அது நிற்கும் இடத்திலேயே, பின்னால் கடை தெரியும்படி படம் எடுங்கள். சூப்பர்வைசரையோ ஓனரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். சத்தம் போட வேண்டாம். சத்தம் போட்டால் பேச்சு சேதத்தை விட்டுவிட்டு நீங்கள் பேசிய விதத்துக்குப் போய்விடும்.

டெலிவரி சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். "வண்டியைத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே "இடது பின் கதவில் புதிய கீறல், விடும்போது இல்லை" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள், அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு அவர்களே "சேவை திருப்தி" என்று பதிவு செய்வதும் உண்டு. பிரச்சினை பேசி முடியாமல் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

ராத்திரி எடுத்தேன், காலையிலதான் பார்த்தேன். இனிமே கேக்க முடியுமா?

முடியும். ஆனால் அன்றைக்கே கேட்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் சின்ன டென்ட்டும் பெயின்ட் வித்தியாசமும் கண்ணில் படாது, அது எல்லோருக்கும் தெரியும். பார்த்த உடனே படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட்டு, நேரிலும் போங்கள். வாரக்கணக்கில் ஓட்டிவிட்டுப் போனால் "வெளிய எங்கேயோ இடிச்சிருக்கீங்க" என்பதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

பில்லைக் கட்டினாத்தான் சாவி தருவேங்கிறாங்க. சேதம் பண்ணிட்டுக் காசும் கேக்குறாங்களே?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் செய்த வேலைக்குக் கூலி வாங்கும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவில் அவர்களுக்கு இருக்கிறது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் சாவியைப் பிடுங்கப் பார்ப்பதால் உங்களுக்குத்தான் சிக்கல்.

பணத்தைக் கட்டுங்கள். ரொக்கமாக வேண்டாம், ஜிபேயோ கார்டோ போதும். பில்லின் இரண்டு பிரதியிலும் "சேதம் குறித்த ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால், கட்டிய அடுத்த நிமிடம் அதே வாக்கியத்தை வாட்ஸப்பில் அனுப்புங்கள். பணம் கட்டியதால் உங்கள் உரிமை போய்விடாது. நாள் கணக்கில் வண்டியை அங்கேயே விட்டுவைத்தால்தான் இன்னும் வீணாகும்.

"அது முன்னாடியே இருந்துச்சு"ங்கிறாங்க. என்கிட்ட போட்டோ எதுவும் இல்லையே?

தேடினால் கிடைக்கும். போன வாரம் கல்யாண வீட்டு வாசலில் எடுத்த படத்தில் உங்கள் வண்டி நிற்கலாம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் எடுத்த படங்கள் கம்பெனியிடம் இருக்கும். அபார்ட்மென்ட் கேட் கேமரா, எதிர்க்கடைக் கேமரா எல்லாம் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பிலும் கேமரா இருக்கும். அந்தப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், இன்ன தேதி இன்ன நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டும் தரவில்லை என்றால் அதுவே பின்னால் உங்களுக்கு ஆதரவாகப் பேசும்.

சேதமும் பேசும். புதிதாக விழுந்த கீறலில் தகடு பளிச்சென்று தெரியும். பழையதில் துருவும் அழுக்கும் ஏறியிருக்கும். துடைக்காமல், பாலிஷ் போடாமல், கிட்டத்தில் போய் ஒரு படம், அருகில் ஒரு நாணயம் வைத்து ஒரு படம் எடுங்கள்.

நம்ம பழக்கப்பட்ட மெக்கானிக். அப்பா காலத்துல இருந்து அவர்கிட்டதான் விடுறோம். எப்படிக் கேக்குறது?

கேட்காமல் விட்டுவிட்டு வேறு ஷெட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அது அவருக்கும் நல்லதில்லை, தவறு என்னவென்றே தெரியாமல் ஒரு வாடிக்கையாளரை இழக்கிறார். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அண்ணே, நேத்து சாயங்காலம் எடுத்த வண்டியில பின் கதவுல கீறல் இருக்கு. விடும்போது இல்லண்ணே. போட்டோ அனுப்பியிருக்கேன். பசங்க யாரும் கவனிக்காம விட்டிருக்கலாம். நாளைக்கு வர்றேன், என்ன செய்யலாம்னு பேசுவோம்."

இதில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் தேதி, சேதம், விடும்போது இல்லை என்ற மூன்றும் எழுத்தில் வந்துவிட்டன. நல்ல மெக்கானிக் என்றால் இதைப் பார்த்ததுமே "கொண்டு வாங்க தம்பி, முடிச்சுத் தர்றேன்" என்பார். என் கவுண்டரில் கேட்ட கதைகளில் நிறைய அங்கேயே முடிந்திருக்கின்றன.

"வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பில்"னு போர்டு வச்சிருக்காங்க. அப்ப ஒண்ணும் கேக்க முடியாதா?

போர்டை எழுதி மாட்டியதால் மட்டும் தப்ப முடியாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல், வாலே பார்க்கிங்கில் வாங்கி வைத்த காரைத் தொலைத்துவிட்டு, சீட்டில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருப்பதைக் காட்டியது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சாவியை வாங்கிக் காரைத் தன் வசம் எடுத்துக்கொண்டவர் தன் அலட்சியத்தை அப்படி ஒரு வரியால் மூடிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒர்க்‌ஷாப்பிலும் சாவி அவர்கள் கையில்தானே இருக்கிறது.

ஆயில் மாத்தி ரெண்டாவது நாள், கப்பலூர் டோல்கேட் தாண்டினதும் இன்ஜின் ஜாம். யார் தப்பு?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு பெரிது, நிரூபிப்பதும் கஷ்டம். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு அடியில், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் இருக்கும். அதற்குச் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு சின்ன வாஷர். நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போட்டாலும், அவசரத்தில் மரையைக் கோணலாக ஏற்றிவிட்டாலும், ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது போல்ட்டே கழன்று விழுந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். ஆயில் இல்லாமல் ஓடினால் முதலில் போவது கிராங்க் பேரிங்.

டேஷ்போர்டில் ஆயில் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். "விருதுநகர் வரைக்கும் போயிருவோம்" என்று ஓட்டினால், மெக்கானிக் செய்த தவறோடு உங்கள் தவறும் சேர்ந்துவிடும், இழப்பீட்டிலும் அது குறையும். நிறுத்திய இடத்தில் ரோட்டில் கிடக்கும் ஆயில் கோடு, வண்டிக்கு அடிப்பகுதி, டிப்ஸ்டிக், எரியும் விளக்கு எல்லாவற்றையும் படம் எடுங்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போன ரசீதும் வேண்டும்.

அடுத்து முக்கியமானது: இன்ஜினை அதே ஒர்க்‌ஷாப்பில் உடனே பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். பிறகு வேறொரு அனுபவமுள்ள மெக்கானிக்கையோ, உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரையோ வைத்து, இரு தரப்பும் இருக்கும்போது பிரியுங்கள். போல்ட் மரை எப்படி இருந்தது, சம்ப்பில் எவ்வளவு ஆயில் மிச்சம் என்று அவர் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அந்தப் போல்ட்டையும் வாஷரையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

டிங்கரிங் பண்ணிக் கொடுத்தாங்க, ஆனா பெயின்ட் சேரவே இல்ல. இதையும் சேதம்னு சொல்லலாமா?

சொல்லலாம், அரைகுறை வேலையும் சேவைக் குறைபாடுதான். காலை வெயிலில் வண்டியை வைத்துப் பக்கத்துப் பேனலோடு ஒப்பிடுங்கள். வெள்ளையை விட சில்வர், மெட்டாலிக் நிறங்களில் வித்தியாசம் அதிகம் தெரியும். ஆனால் பழைய வண்டியில் நிறம் நூற்றுக்கு நூறு சேராது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும், பத்து வருட வெயில் பட்ட பெயின்ட்டுக்கு ஈடாகப் புது டப்பாவில் நிறம் வராது.

நான் இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பது, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைத்தான். மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தை வேலை நடந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் கப்பென்று ஒட்டும். தகட்டை நிமிர்த்தாமல் பட்டியை அப்பி மூடியிருந்தால் ஒட்டாமல் வழுக்கும். அந்தப் பட்டி இரண்டு மழைக்குள் வெடித்து உள்ளே துருப் பிடிக்கும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தச் சோதனை செல்லாது.

அவங்களே சும்மா சரி பண்ணித் தர்றேங்கிறாங்க. விடலாமா?

கீறல், டென்ட், உடைந்த கண்ணாடி என்றால் தாராளமாக விடலாம். எந்தப் பாகம், ஒரிஜினலா லோக்கலா, எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து கேட்டால், வண்டியைப் பகலில் பார்த்து ஓட்டியும் பார்த்த பிறகுதான் போட வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்றால் இன்ஜின் ஜாம் கேள்வியில் சொன்னபடி வெளியாளை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"உங்க இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் போட்டுருவோம் சார்"ங்கிறாங்க. எனக்கு நஷ்டமா?

ஜாக்கியில் இருந்து விழுந்தது, சுவரில் இடித்தது, தீப்பிடித்தது போன்ற விபத்துச் சேதத்துக்கு உங்கள் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பாலிசியில் வழி இருக்கிறது. போல்ட் முறுக்காததால் இன்ஜின் போனது மாதிரியான மெக்கானிக்கல் கோளாறுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது.

க்ளெய்ம் போட்டால் உங்கள் கையில் இருந்து மூன்று விதமாகப் பணம் போகும். ஒன்று, நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி, ஒரே க்ளெய்மில் பூஜ்ஜியமாகிவிடும். அடுத்தது கட்டாயமாக நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கடைசியாகத் தேய்மானம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். க்ளெய்ம் போட ஒத்துக்கொண்டால், இந்த மூன்றையும் ஒர்க்‌ஷாப் ஈடுகட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

"நீங்களே ஓட்டிட்டுப் போய் இடிச்சதா எழுதிருங்க" என்று சொன்னால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பொய்த் தகவல் என்று தெரிந்தால் க்ளெய்ம் முழுதும் போய்விடும், பழி உங்கள் மேல் வரும். ஒர்க்‌ஷாப்பில் நடந்தது என்று உண்மையைச் சொன்னால், உங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனி ஒர்க்‌ஷாப்பிடம் அதை வசூலித்துக்கொள்ளவும் முடியும். பெரிய சர்வீஸ் சென்டர்கள் தங்கள் பொறுப்பில் உள்ள வண்டிகளுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பது வழக்கம். முதலில் அதைக் கேளுங்கள்.

மழைத்தண்ணி உள்ள போயிருச்சு, இயற்கைங்கிறாங்க. எலி கடிச்சதுக்கும் அதே பதில்தான்.

2024 அக்டோபரில் செல்லூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்படி யாரும் எதிர்பாராமல் ஏறிய தண்ணீருக்கு ஒர்க்‌ஷாப்பைக் குறை சொல்வது நியாயமில்லை, இன்சூரன்ஸ்தான் வழி. ஆனால் வருடா வருடம் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், எச்சரிக்கை வந்த பிறகும், கண்ணாடியை இறக்கி விட்டபடி வண்டியை நிறுத்தியிருந்தால் அது கவனக்குறைவு.

எலியும் அப்படித்தான். இரண்டு நாளில் கடித்தது வேறு, ஸ்பேர் வரவில்லை என்று மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைத்ததில் கடித்தது வேறு. தாமதம் யாரால் என்பதற்கு நீங்கள் அனுப்பிய "எப்ப முடியும்ணே" செய்திகள்தான் சாட்சி. எப்படி இருந்தாலும், தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

வண்டி ஷெட்லதான் நிக்குதுன்னாங்க. ஆனா சிட்டம்பட்டி டோல்ல ஃபாஸ்டேக் காசு பிடிச்சிருக்கு!

அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள். ஃபாஸ்டேக் கணக்கில் இருந்து அந்தத் தேதிக்கான ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விடும்போது எடுத்த கிலோமீட்டர் படம் இங்கே கைகொடுக்கும். ட்ரையல் பார்க்க நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுவது சகஜம், டோல் தாண்டிப் போவது ட்ரையல் இல்லை. உங்கள் அனுமதி இல்லாமல் சொந்த வேலைக்கு ஓட்டியபோது ஏற்பட்ட எந்தச் சேதத்துக்கும் அவர்கள் சாக்குச் சொல்ல முடியாது.

ட்ரையல் பாக்கப் போன பையன் ஒருத்தர் மேல ஏத்திட்டான். ஆர்.சி. என் பேர்ல இருக்கு, நான் மாட்டிக்குவேனா?

அடிபட்டவரின் சிகிச்சை முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஓட்டியவர் மேல்தான் குற்ற வழக்கு வரும், ஆனால் இழப்பீட்டு வழக்கில் உரிமையாளர் என்ற முறையில் உங்களுக்கும் நோட்டீஸ் வரும். அன்றைக்கே உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். வண்டி ஒர்க்‌ஷாப் வசம் இருந்தது என்பதற்கு ஜாப் கார்டு, வாட்ஸப் செய்தி, எஃப்ஐஆர் பிரதி மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஓட்டிய பையனிடம் லைசென்ஸ் இல்லை என்றால் விஷயம் சிக்கலாகும். கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்பக் கேட்கலாம். இதில் வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம்.

போலீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுத்தா வேலை சீக்கிரம் நடக்குமா?

கீறலுக்கும் இன்ஜின் ஜாமுக்கும் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், சரியும்கூட. வண்டி காணவில்லை, நல்ல பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள், யாருக்காவது அடிபட்டது என்றால் கண்டிப்பாகப் போக வேண்டும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பக் கூடாது.

பேசிப் பார்த்தாச்சு, மசியல. நோட்டீஸ் வக்கீல்தான் அனுப்பணுமா?

நீங்களே அனுப்பலாம். ஒரு பக்கத் தாளில், எந்தத் தேதியில் என்ன வேலைக்கு விட்டீர்கள், எப்போது எடுத்தீர்கள், என்ன சேதம், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதற்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட், பதினைந்து நாளுக்குள் இன்ன தொகை தர வேண்டும். இவ்வளவுதான். திட்டு, மிரட்டல், "சோஷியல் மீடியாவில் போடுவேன்" எதுவும் வேண்டாம். கடை ஓனர் பெயருக்கு, ஜிஎஸ்டி பில்லில் உள்ள முகவரிக்கு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்த பையனின் பெயருக்கு அனுப்ப வேண்டாம். வேலையாள் வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளிதான் பொறுப்பு.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம். வழக்கில்லாமல் கம்பெனியோடு பேசி முடிக்க அவர்கள் முயற்சி செய்வார்கள். பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர் என்றால் பல நேரம் இதிலேயே பதில் வந்துவிடும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா செலவு எவ்வளவு? எத்தனை வருஷம் இழுக்கும்?

இப்போது அதன் பெயர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. சர்வீஸ் பில் அதைத் தாண்டுவது அபூர்வம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம். கோயம்புத்தூரில் விட்ட வண்டியாக இருந்தாலும், நீங்கள் மதுரையில் குடியிருந்தால் மதுரையிலேயே போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை.

சேதம் நடந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். "இந்த மாசம், அடுத்த மாசம்" என்று அவர்கள் இழுப்பதில் இந்தக் காலம் கரைவதைப் பலர் கவனிப்பதில்லை. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது. நடுவில் சமரசத்துக்கு அனுப்புவார்கள். நியாயமான தொகை வந்தால் ஒத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

நான் குட்டி யானை ஓட்டுறேன். லோடு வண்டின்னா வணிகம்னு தள்ளிடுவாங்களாமே?

வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. அதே சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கமும் இருக்கிறது. சொந்தமாக ஒரு வண்டி வைத்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றுகிறவர் நுகர்வோர்தான். ஷேர் ஆட்டோக்காரரும் அப்படியே. மனுவிலேயே "இந்த வண்டியை நானே ஓட்டிப் பிழைக்கிறேன், வேறு தொழில் இல்லை" என்று முதலில் எழுதுங்கள். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஃப்ரீ சர்வீஸ்ல விட்டப்ப ஆன சேதம். இலவசத்துக்குக் கேஸ் இல்லைங்கிறாங்க.

புது வண்டியோடு வரும் ஃப்ரீ சர்வீஸ், வண்டி விலையிலேயே அடக்கம், அதனால் கேட்கலாம். வழியில் நின்ற வண்டியைத் தெரிந்த ஒருவர் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார் என்றால் நுகர்வோர் சட்டம் வராது. அவர் மேல் வழக்குப் போட மனசும் வராது.

எவ்வளவு கேக்கலாம்? மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம் போடச் சொல்றாங்க.

கணக்குக் காட்ட முடிந்ததைக் கேளுங்கள். சரிசெய்யும் செலவு, ரெக்கவரி வண்டி, சர்வேயர் கூலி, வண்டி இல்லாத நாட்களில் கொடுத்த வாடகைக் கார் பில், லோடு வண்டி என்றால் வழக்கமான வாடகைச் சீட்டுகளை வைத்து வருமான இழப்பு. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாகக் கேட்கலாம், ஆணையம் தன் கணக்குப்படி தரும். எட்டாயிரம் ரூபாய்க் கதவுக்கு ஐந்து லட்சம் கேட்டால், உண்மையான எட்டாயிரத்தின் மேலும் சந்தேகம் வரும்.

அண்ணே, நாங்க மண்டபம். விசைப்படகை வேலைக்கு விட்டோம், சரிஞ்சு அடிப்பலகை உடைஞ்சிருச்சு. படகுக்கும் இதே கதைதானா?

அதே சட்டம்தான். ஒப்படைப்பு, கூலிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை, ஆட்சேபனையோடு பணம் கட்டுவது, பிழைப்புக்கான தொழில் என்ற விளக்கம், எல்லாம் படகுக்கும் பொருந்தும். கரையில் ஏற்றியதும், வேலை தொடங்கும் முன், அடிப்பகுதியும் புரொப்பெல்லரும் எப்படி இருந்தன என்று படம் எடுத்து வைப்பது காரை விட இதில் முக்கியம், தண்ணீருக்குள் இருக்கும்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லோரும் அப்போதுதான் வேலைக்கு விடுவார்கள், கூட்டத்தில் அவசர வேலை நடக்கும். படகு எந்தத் தேதிக்குள் கடலில் இறங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கியிருந்தால், தடை முடிந்து நீங்கள் மட்டும் கரையில் நின்ற நாட்களுக்கும் கேட்கலாம். கடலுக்குப் போக வாங்கிய பழைய டோக்கன், டீசல் பில், மீன் விற்ற சீட்டு எல்லாம் வருமானத்துக்குச் சாட்சி.

தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்துச்சு. ஆனா காசு தரமாட்டேங்கிறாங்க.

முதலில் அவர்கள் மேல்முறையீடு போயிருக்கிறார்களா என்று பாருங்கள். 45 நாள் அவகாசம் உண்டு, போகிறவர் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். சிவில் கோர்ட் மாதிரியே சொத்தை ஜப்தி செய்யச் சொல்லலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. மனுவோடு தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு முடிந்த கையோடு அதை வாங்கி வைத்துவிடுங்கள்.